பெயரும் பாதையும்: 'ஆசியா' என்ற சிறுகோள்

1861 ஏப்ரல் 17. சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் பணியாற்றிய நோர்மன் பொக்சன், புதிய சிறுகோள் ஒன்றைக் கண்டுபிடித்தார். ஆசியாவிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதலாவது சிறுகோள் என்பதால் 'ஆசியா' என்ற பெயர் கிடைத்தது. வரிசை எண் 67.

நட்சத்திரங்களின் நடுவே சிறுகோளும் ஒரு புள்ளியாகத்தான் தெரியும். ஆனால் அது இரவுக்கு இரவு சற்று நகரும். பல இரவுகள் அதன் இடத்தைக் குறித்தால்தான் பாதையைக் கணிக்கலாம். இல்லையேல் கண்ட கல் மீண்டும் தொலைந்துவிடும். இன்றும் பாதை உறுதியான பின்னரே எண்ணும், அதன் பிறகு பெயரும் வழங்கப்படுகின்றன.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே, சூரியனிலிருந்து சராசரியாக 36 கோடி கிலோமீற்றர் தொலைவில் 'ஆசியா' சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 3 வருடமும் 9 மாதமும் எடுக்கும். நுவரெலியாவில் மூடுபனி விலகிய இரவிலும் வெறும் கண்ணுக்குத் தெரியாது.

அதே காலத்தில், அதே சென்னை மாகாணத்திலிருந்து மலையகத் தமிழரின் மூதாதையர் மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, கோப்பித் தோட்டங்களுக்கு வந்துகொண்டிருந்தனர். வழியில் கொலராவிலும் காய்ச்சலிலும் இறந்த பலரின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. 1977 வன்செயலுக்குப் பின் வன்னிக்குப் போன அவர்களது வழித்தோன்றல்களில் பலர் போரிலும் அகப்பட்டார்கள்.

அந்தக் கல் தொலையாமல் இருப்பதற்குக் காரணம், நாளும் இடமும் எழுதிவைத்த குறிப்புகள். நம் வீட்டுப் பெரியவர்கள் எந்த ஊரிலிருந்து, எந்தத் தோட்டத்துக்கு, எந்த வருடம் வந்தார்கள், பின்னர் எங்கே போனார்கள் என்பதையும் கேட்டு எழுதிவைப்போம்.