நாற்பதுக்கு மேல் நிற்காத உதிரப்போக்கு: காரணம் என்ன?

"மாதவிடாய் நிற்கப்போகிற வயது. கொஞ்சம் அதிகமாகத்தான் போகும். தானாக நின்றுவிடும்!"

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளில் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுவதும் தாய்மார்கள் தங்களுக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானம் இது. பத்து நாள், பதினைந்து நாள் என்று ரத்தம் போனாலும் அடுப்பு வேலை நிற்பதில்லை. மின்சார ரயிலைப் பிடித்து வேலைக்கு ஓடுவதும் நிற்பதில்லை. டாக்டரிடம் சொல்லக் கூச்சம்.

இந்தச் சமாதானத்தில் பாதி உண்மை. மறுபாதியில் ஆபத்து இருக்கிறது.

பெரும்பாடு

அதிக உதிரப்போக்குக்கு நம் முன்னோர் வைத்த பெயர் 'பெரும்பாடு'. பெயரிலேயே அவஸ்தை தெரிகிறது.

இந்தியப் பெண்களுக்குப் பெரும்பாலும் 46, 47 வயதையொட்டி மாதவிடாய் நிற்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்பே சினைப்பையின் வேலை ஒழுங்கு தவறுகிறது. சில மாதங்களில் சினைமுட்டை வெளிவருவதில்லை. முட்டை வெளிவந்தால்தான் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் போதிய அளவு சுரக்கும். அது இல்லாதபோது, ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உட்சவ்வைத் தடிக்கச் செய்கிறது. தடித்த சவ்வு ஒரேயடியாக உதிராமல், துண்டு துண்டாக நாள் கணக்கில் உதிர்கிறது.

வேறு காரணங்கள்

கருப்பையில் தசைக்கட்டி இருக்கலாம். உட்சவ்வில் சதை வளர்ந்திருக்கலாம். உட்சவ்வு கருப்பையின் தசைக்குள்ளேயே ஊடுருவியிருக்கலாம். தைராய்டு கோளாறு, ரத்தம் உறையாமைக்கான மாத்திரை, காப்பர்-டி ஆகியவையும் காரணமாகலாம். இவற்றில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல.

ஆனால் சிலருக்குப் புற்றுநோயாகவும் இருக்கக்கூடும். உடல் பருமன், நீரிழிவு உள்ளவர்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம்.

எப்போது போக வேண்டும்?

போக்கு 8 நாளுக்கு மேல் நீடித்தால், கட்டி கட்டியாக வந்தால், இரண்டு விலக்குகளுக்கு நடுவில் ரத்தம் தெரிந்தால், தாம்பத்திய உறவுக்குப் பின் கசிந்தால் தாமதிக்கக் கூடாது. மாதவிடாய் நின்று ஓராண்டு ஆன பிறகு ஒரு சொட்டு தெரிந்தாலும் உடனே காட்ட வேண்டும். அப்படி வருபவர்களில் பத்தில் சுமார் ஒருவருக்குப் புற்றுநோய் இருப்பது தெரியவருகிறது.

மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? ரத்தச் சோகையாக இருக்கலாம். ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் சோகைதான்.

கருப்பையை எடுக்க வேண்டுமா?

எல்லோருக்கும் வேண்டியதில்லை. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், தேவைப்பட்டால் உட்சவ்வைச் சிறிது எடுத்துச் சோதித்தல் ஆகியவற்றால் காரணம் தெரிந்துவிடும். பலருக்கு மாத்திரையே போதும். சிலருக்குக் கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் பலன் தரும். அறுவை சிகிச்சை மற்றவை பயன்படாதபோதுதான். புற்றுநோய் என்றால் மட்டும் கதை வேறு.

தாம்பரத்தில் ரயில் ஏறினால் எழும்பூர். அங்கே 1844-ல் தோன்றிய அரசு மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது. அடையாறில், தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் எழுந்த புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது.

கருப்பைப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலும் குணமாக்கலாம். கூச்சப்பட்டுக் கழிக்கும் ஒவ்வொரு மாதமும் அந்த வாய்ப்பைக் குறைக்கிறது.