கீசர் சொட்டுகிறதா? அடைக்குமுன் ஆராய்க

மார்கழிக் குளிர் இறங்கியதும், லேக் மார்க்கெட்டைச் சூழ்ந்துள்ள நம்மவர் இல்லங்களில் வைகறையில் முதல் வேலையாகக் கீசரைப் போடுவது வழக்கம். சென்ற குளிர்காலத்தில் நம் வீட்டுக் கீசர் சொட்டக் கண்டோம். வரவழைத்த குழாய் மிஸ்திரி, குளிர்நீர் நுழையுமிடத்திலுள்ள வால்வின் சிறு துளையிலிருந்து நீர் வருவதைக் கண்டு, அதனை அடைத்துவிட முற்பட்டார். நாமும் தலையசைத்துவிட்டோம். அச்சமயம், முன்னாளில் நீராவி எஞ்சின் ஓட்டிய நம் மாமனார் உள்ளே வந்து, "எஞ்சினின் மேல் சீறுகிற வால்வை யாராவது அடைப்பார்களா, மாப்பிள்ளை?" என்று வினவினார். மிஸ்திரியின் கை அத்துடன் நின்றது.

காரணம் எளிது. நீர் சூடேறினால் விரியும். 15 லிட்டர் நீர் 20 டிகிரியிலிருந்து 60 டிகிரி செல்சியஸ் வரை சூடேறுங்கால், கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பெருகுகிறது. அவ்வால்வு நீரைப் பின்னோக்கிச் செல்ல விடாது. ஆதலின் பெருகிய நீர் அத்துளை வழியேதான் வெளியேற வேண்டும். துளையை அடைத்த பின், தெர்மோஸ்டாட்டும் பழுதுபட்டு நீர் கொதித்துக்கொண்டே இருக்குமாயின், கலமே வெடிக்கக்கூடும்.

ஆகவே ஒழுகலைக் கண்டால், முதற்கண் மின்சாரத்தை எம்.சி.பி.யிலேயே நிறுத்திவிட வேண்டும். பின்னர்க் கலத்தின் வெளிப்புறத்தை நன்கு துடைத்து, இணைப்புகள்தோறும் காகிதத் துண்டுகளைச் சுற்றி, எது முதலில் நனைகிறது என்று பார்க்க வேண்டும்.

குழாய் இணைப்பு நனைந்தால் நல்லகாலம். நீரை மூடி, வாஷரை மாற்றி, டெஃப்லான் டேப் சுற்றி இறுக்கினால் போதும். வால்வின் துளை, சூடேறும்போது மட்டும் சொட்டி, ஆறியபின் நிற்குமாயின் அது பழுதன்று. குளிர்ந்த பின்னும் ஓயாது சொட்டினால், வால்வினுள் உப்புப் படிந்திருக்கலாம். அல்லது குழாய்நீரின் அழுத்தம் மிகுந்திருக்கலாம். அப்போது ஏற்ற வால்வை மாற்றுவதே முறை.

எலிமென்ட் பொருத்திய அடிமூடியிலிருந்து கசிந்தால் கேஸ்கெட் கெட்டிருக்கக்கூடும். அங்கே நீரும் மின்சாரமும் அருகருகே இருத்தலின், தேர்ந்த மின்பணியாளர் வரும்வரை கீசரைத் தொடலாகாது. இணைப்புகள் யாவும் உலர்ந்திருக்க, உடலிலிருந்தே துருநிற நீர் வருமாயின், உட்கலம் அரித்துவிட்டது என்று பொருள்; புதியது வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை. இந்நிலையைத் தள்ளிப்போடுவதற்கே உள்ளே மக்னீசியத் தண்டு வைத்திருக்கிறார்கள். கலத்தின் இரும்புக்குப் பதிலாக அது கரைந்துபோகும். உப்புநீர் வரும் வீடுகளில் விரைவிலேயே தேயுமாதலால், ஆண்டுக்கொரு முறை பார்த்து மாற்றுதல் நலம்.

நம் வீட்டில் சொட்டியது சூடேறும்போது மட்டுமே. துளையின் வாயை மூடாமல் ஒரு சிறு ரப்பர்க் குழாயைச் செருகி, அதன் மறுமுனையைச் சாக்கடைத் துவாரத்தின்மேல் விட்டுவைத்தோம். செலவு அவ்வளவே. முதியோரும் குழந்தைகளும் நீராடும் அறை அது. அன்பர்கள் இன்றே தத்தம் கீசரின் அடியில் நோக்கி, அத்துளை திறந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொள்வார்களாக.