கர்ணன் ஏன் மறுத்தான்?

கர்ணன் செய்தது சரியா, பிழையா என்ற வழக்குக்குப் படுவான்கரையில் இன்றுவரை தீர்ப்பு வழங்கப்படவில்லை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, செங்கலடியிலிருந்து பதுளைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள கரடியனாற்றில் நான் ஆசிரியத் தொழில் பார்த்து வருகிறேன். வயலும் காடும் ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கும் ஊர் இது. வேளாண்மைக் காலத்தில் யானைக்குக் காவல் இருப்போர் வட்டை நடுவே வாடியில் தீ மூட்டி அமர்ந்து, நெல்லின் விலையைப் பேசி முடித்தபின் எடுத்துக்கொள்ளும் பொருள் பெரும்பாலும் இதுவே. அண்மையில் எங்கேனும் ஒரு களரியில் வடமோடிக் கூத்து நடந்திருக்கும். கர்ணனாக வந்தவன் நன்றாக ஆடினானா என்று தொடங்கும் பேச்சு, கர்ணன் நன்றாக நடந்துகொண்டானா என்பதில் போய் நிற்கும்.

கட்சிகள் பழையவை. செஞ்சோற்றுக் கடன் தீர்த்தான் என்போர் ஒரு சாரார். அவனுக்குத் தேவைப்பட்டது அருச்சுனனோடு ஒரு போர், நன்றி என்பது அதற்கு இட்ட போர்வை என்போர் மற்றொரு சாரார். தமிழ்நாட்டில் காரைக்குடிக் கம்பன் கழகம் 1939இல் தோன்றிய பின்னர் இத்தகைய வழக்குகள் பட்டிமண்டபம் ஏறின. அங்கே நடுவர் ஒருவர் இருந்து முடிவு சொல்வார். வாடியில் நடுவர் இல்லை. விடிந்தால் வழக்கு ஒத்திவைக்கப்படும், அவ்வளவே.

இவ்வழக்கில் அண்மைக் காலத்தில் புதிய கட்சிக்காரர் சிலர் வந்து சேர்ந்துள்ளனர். உயர்தர வகுப்பில் என்னிடம் பயிலும் மாணவர்கள் 'ஸ்டார் வார்ஸ்' என்னும் விண்வெளிக் கதைத் தொடரில் தோய்ந்தவர்கள். ஜோர்ஜ் லூக்காஸ் 1977இல் தொடங்கிய அத்திரைப்பட வரிசை, இவர்களுடைய பெற்றோர் பிறப்பதற்கு முன்னரே உலகைச் சுற்றி வந்த ஒன்று. இவர்களோ அதனை நேற்று நடந்த சங்கதி போலக் கைத்தொலைபேசியிற் பார்த்துவிட்டு, மரநிழலில் நின்று மல்லுக்கு நிற்கின்றனர். டார்த் வேடர் என்ற கரிய கவசத்தான் நல்லவனா, கெட்டவனா? அவன் ஏன் அப்படி ஆனான்? (வேடர் என்ற சொல்லைக் கேட்டதும் ஊர் முதியவர்கள் நம் காட்டு வேடரைப் பற்றிய கதையென்றே முதலில் எண்ணினர். அவர்கள் மேற் குற்றமில்லை.)

கதையறியாதாருக்குச் சுருக்கம் இது. லூக் என்னும் இளைஞன் பெற்றோரை அறியாமல், பாலைநிலத்தில் மாமன் மாமியார் வீட்டில் வளர்கிறான். கொடியவர்களின் படை அவ்விருவரையும் கொன்றுவிடுகிறது. 1980இல் வந்த இரண்டாவது படத்தில், தன்னை வெட்டி வீழ்த்த வந்த வேடரே தன் தந்தை என்று அறிகிறான். உடன் சேர்ந்தால் இருவருமாக உலகங்களை ஆளலாம் என்று தந்தை அழைக்கிறார். மகன் மறுக்கிறான். 1983இல் வந்த மூன்றாவது படத்தின் இறுதியில் அதே தந்தை மகனைக் காப்பதற்காகத் தம் பேரரசனைத் தூக்கி எறிந்து தாமும் மாள்கிறார். பின்னர் 1999 முதல் 2005 வரை வந்த மூன்று படங்கள், அந்தத் தந்தை இளமையில் அனகின் என்ற பெயரோடு எவ்வாறு கெட்டான் என்பதைச் சொல்கின்றன: மனைவியை இழந்துவிடுவோம் என்ற அச்சத்தால் தீயவனிடம் தன்னை ஒப்படைக்கிறான், அடைக்கலமாய் இருந்த சிறு குழந்தைகளையும் கொல்கிறான்.

இனி வழக்கைப் பாருங்கள். சிறுவர்களைக் கொன்றவன், சாகும் தறுவாயில் மகனைக் காத்த ஒரே செயலால் மீட்சி பெறுவானா? அன்பினால் கெட்டான் என்பது உண்மையா, அல்லது இழக்க மனமில்லாத ஆசைக்கு அன்பு என்று பெயரிட்டானா? உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் இவ்வினாக்களை இரவு பகலாக அலசுகின்றனராம். எனக்கு அதில் வியப்பில்லை. வாடித் தீயைச் சுற்றி இருந்தோரும் இதையே அலசினர், பெயர்கள்தாம் வேறு.

வேறொரு சண்டையும் சுவையானது. முதற்படத்தில் ஹான் சோலோ என்ற கப்பலோட்டி, மதுச்சாலையில் தன்னைப் பிடிக்க வந்தவனை மேசைக்கடியில் துப்பாக்கியைப் பிடித்துச் சுட்டுக் கொல்கிறான். 1997இல் படத்தைப் புதுக்கி வெளியிட்டபோது லூக்காஸ், வந்தவனே முதலிற் சுடுவதாக மாற்றிவிட்டார். நாயகன் தற்காப்புக்காகவே சுட்டான் என்று ஆகவேண்டுமாம்! இரசிகர்கள் கொதித்தெழுந்தனர், ஹானே முதலிற் சுட்டான் என்று சட்டையில் அச்சிட்டு அணிந்தனர். ஒரு நொடி முன்பின்னாக மாறினால் மனிதனே மாறிவிடுகிறான் என்பதை அவர்கள் கண்டுகொண்டனர். படைத்தவனே வந்து சொன்னாலும் பாத்திரத்தை விட்டுக்கொடுக்கமாட்டோம் என்றனர்.

இந்த உரிமைக்குரல் மட்டக்களப்பாருக்குப் புதிதன்று. கதைமாந்தருக்காகக் கட்சி கட்டுவதை ஒரு விழாவாகவே ஆக்கியவர்கள் நாம். கண்ணகி அம்மன் வழிபாட்டோடு ஒட்டிய கொம்புமுறி விளையாட்டில் ஊரே இரண்டாகப் பிரியும். வடசேரியார் கோவலன் பக்கம். தென்சேரியார் கண்ணகி பக்கம். வளைந்த வன்மரக் கொம்புகள் இரண்டை ஒன்றோடொன்று கோத்து, கயிறு பூட்டி, ஒன்று முறியும்வரை இருசாராரும் இழுப்பர். கோவலனும் கண்ணகியும் பூக்கொய்தபோது அவர்களுடைய கொக்கைகள் சிக்கிக்கொண்டன. இருவரும் விளையாட்டாய் இழுத்தனர். அதிலிருந்து வந்ததே இது என்பது வழங்கும் கதை. மாதவியோ சிலம்போ மதுரையோ தலைகாட்டாத, இளந் தம்பதியர் விளையாடிய காலத்தின் கதை அது. சிங்கள மக்களிடம் பத்தினித் தெய்வத்தின் பெயரால் நிகழ்ந்துவந்த அங்கெலியவிலும் உடுபில, யடிபில என இரு கட்சிகள் உண்டு.

கொம்புமுறியில் என்னைக் கவர்வது ஒன்று. கோவலனுக்கும் ஆள் இருக்கிறது. தெய்வமாகி ஊர்தோறும் கோயில் கொண்டவள் கண்ணகி. ஆயினும் அவளை விட்டுப் பிரிந்தவனுக்காகப் பாதி ஊர் கயிறு பிடிக்கிறது. எதிர்க்கட்சியை நோக்கி வசைப்பாட்டும் பாடுகிறது. பிழை செய்தவனுக்கும் வாதாட ஒருவர் வேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்தோ நம்மவர்க்கு வந்திருக்கிறது.

கூத்துப் பனுவலும் கல்லில் வெட்டிய எழுத்தன்று. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு 'கர்ணன் போர்' கூத்தை மேடையேற்றியபோது, விடியவிடிய ஆடுவதைச் சுருக்கினார். வட்டக்களரியில் ஆடுவதைப் படச்சட்ட மேடைக்குக் கொணர்ந்தார். பின்னர் வந்த 'இராவணேசன்' ஒருபடி மேலே சென்று, இராவணனை அரக்கனாகவன்றி, வீழ்ச்சியை நோக்கித் தானே நடக்கும் துன்பியல் தலைவனாக்கியது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் மட்டக்களப்புச் சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் அவரைச் சார்ந்தோரும் ஊர்க் கலைஞர்களுடன் அமர்ந்து கூத்து மீளுருவாக்கம் செய்தனர். பெண்களை இழிவாகக் காட்டும் அடிகளையும் சாதி ஏற்றத்தாழ்வுக்குத் துணைபோகும் அடிகளையும் வைத்திருப்பதா, மாற்றுவதா என்று அண்ணாவிமார் முன்னிலையிலேயே வாதம் நடந்தது. இங்கே மாற்றியவன் தனியொருவன் அல்லன். ஆடுவோரும் பார்ப்போரும் கூடியிருந்து மாற்றினர். லூக்காசுக்கு வாய்க்காத வசதி இது.

இனிக் கர்ணனிடம் வருவோம். தமிழர் அறிந்த கர்ணன் பெரும்பாலும் வில்லிபுத்தூரார் தந்த கர்ணன். துரியோதனன் மனைவியின் மேகலை அறுந்து முத்துகள் சிதற, எடுக்கவா, கோக்கவா என்று கணவன் வினவிய அந்த நிகழ்ச்சி வியாசரிடம் இல்லை. களத்தில் புண்ணியம் முழுவதையும் தாரைவார்த்துக் கொடுத்ததும் இல்லை. 1964இல் வந்த 'கர்ணன்' திரைப்படம் இவ்விரண்டையும் பட்டிதொட்டியெல்லாம் கொண்டுசென்றது. ஆகவே 'ஏன் மறுத்தான்?' என்றால் 'நட்புக்காக' என்ற விடை நமக்கு நாவின் நுனியிலேயே இருக்கிறது.

வியாசரின் உத்தியோக பருவத்தில் விடை வேறுவிதமாகத் தொடங்குகிறது. தூது முறிந்தபின் கண்ணன் அவனைத் தேரில் ஏற்றிச் சென்று, நீ குந்தியின் மூத்த மகன், அரசு உனக்கே, திரௌபதியும் உன்னை வந்தடைவாள் என்கிறான். (திரௌபதியை ஒருவரும் கேட்கவில்லையே என்று என் வகுப்பு மாணவி ஒருத்தி இடைமறித்தாள். கேட்கவில்லைதான்.) கர்ணன் முதலில் எடுத்துரைப்பது துரியோதனனை அன்று, தேரோட்டி அதிரதனையும் அவன் மனைவி இராதையையும். என்னைக் கண்டமாத்திரத்தில் அவளுக்குப் பால் சுரந்தது, என் மலசலம் துடைத்தவள் அவள், எனக்குப் பெயரிட்டுச் சடங்கு செய்தவன் அவன், அவர்களை எவ்வாறு விடுவேன் என்பது அவன் சொல்லின் பொருள். துரியோதனன் தந்த வாழ்வு அதன் பின்னரே வருகிறது. பாண்டவரைத் தான் இழித்துப் பேசியதற்கு வருந்துவதாகவும் அவ்விடத்திலேயே சொல்கிறான். தன் பிறப்பைத் தருமன் அறியலாகாது, அறிந்தால் அரசைத் தன்னிடம் தந்துவிடுவான், தானோ அதைத் துரியோதனனுக்கே கொடுத்துவிடுவேன் என்று எச்சரிக்கவும் செய்கிறான். தன்னையும் தம்பியையும் இவ்வளவு துல்லியமாக எடைபோட்டவன் அந்தப் பெருங்கதையில் வேறு எவனும் இல்லை என்பது என் துணிபு.

இப்பகுதியை வகுப்பில் எடுத்துரைத்த அன்று, வழக்கமாக வேடருக்காகத் தொண்டை கிழியப் பேசும் பையன்கள் அடங்கிவிட்டனர். காரணம் எனக்குத் தெரியும். இவ்வட்டாரத்தில் தாய் மத்திய கிழக்கு நாடொன்றில் பணிப்பெண்ணாய் இருக்க, அம்மம்மாவிடமோ பெரியம்மாவிடமோ வளரும் பிள்ளைகள் வகுப்புக்குச் சிலர் உண்டு. தாய் அனுப்பும் பணத்திலே புத்தகம் வாங்குகின்றனர். காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்தவள் வேறொருத்தி. பல ஆண்டு கழித்துத் தாய் திரும்பி வந்து வாசலில் நிற்கும்போது, யாரை 'அம்மா' என்பது? பெற்றவள் பிள்ளையைக் கைவிட்டவளல்லள், பிள்ளைக்காகவே கடல் கடந்தவள் என்பதும் அவர்களுக்குத் தெரியும். குந்தியைப் போல் அவளை எளிதிற் குற்றவாளியாக்க முடியாது. இதனை நேரடியாக எவரும் கேட்டதில்லை. ஆனால் குந்தி கங்கைக் கரைக்கு வந்தது தாயன்பாலா, ஐந்து மக்களைக் காக்கும் கணக்காலா என்று ஒரு மாணவன் கேட்டபோது அவன் குரல் சற்று மாறியிருந்தது. இரண்டும் ஏன் சேர்ந்திருக்கக்கூடாது என்று பின்வரிசையிலிருந்து ஒருத்தி திருப்பிக் கேட்டாள். அதன்பின் மணி அடிக்கும்வரை நான் பேசவேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

முதியோர்க்கு வேறொரு வடு உண்டு. 2004 பங்குனியில் கிழக்கிலே விடுதலைப் புலிகள் இயக்கம் பிளவுண்டது. சித்திரையில் வெருகற் கரையில் ஒரே இயக்கத்தார் ஒருவரையொருவர் சுட்டனர். கரடியனாறும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் 2007 வரை போரின் நடுவே கிடந்தன. ஒரு வீட்டுப் பிள்ளைகள் இரு பக்கமும் நின்ற காலம் அது. அதனாலேயே, கர்ணனைப் பற்றி விடியவிடியப் பேசுவோர், பேச்சு விபீடணன் பக்கம் திரும்பினால் தீயைக் கிளறுவதில் மும்முரமாகிவிடுவர். கம்பனின் கும்பகருணன், தம்பி வந்து அழைத்தும் அண்ணனை விட்டு அகல மறுத்துக் களத்தில் விழுகிறான். தம்பியோ அறத்தின் பக்கம் என்று சொல்லி அகல்கிறான். இருவரில் எவன் சரி என்பது காரைக்குடி மேடையிலே இனிய பொழுதுபோக்காகலாம். இங்கே அந்த வினாவுக்கு முன் யார் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்று ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இளையோர் விண்வெளிக்குச் சென்றதன் இரகசியம் இதுவாகவும் இருக்கலாம். வேடருக்கு இந்த ஊரில் உறவினர் இல்லை. அவரைத் துரோகி என்றாலும், மீண்டவர் என்றாலும், எந்த வீட்டிலும் விளக்கு அணையாது. எவ்வளவு உரத்தும் பேசலாம். அவ்வாறு பேசிப் பழகியவர்களே பின்னர் கர்ணனிடம் திரும்பி வந்தனர்; லூக்கின் மாமியாரும் இராதையும் ஒரே வகை என்று எனக்கு எடுத்துக்காட்டியவர்களும் அவர்களே. தந்தை யார் என்பதற்குக் கதை முழுவதையும் செலவிட்ட லூக்காஸ், வளர்த்தவர்களை முதற்படத்திலேயே எரித்து முடித்துவிட்டார் என்பது அவர்களுடைய குறை. அனகினின் மனைவி வாழும் விருப்பை இழந்து இறந்தாள் என்று 2005இன் படம் சொன்னதையும் மாணவியர் ஏற்கவில்லை. இரட்டைப் பிள்ளைகளை அப்போதுதான் பெற்றெடுத்தவள் அவ்வாறு போகமாட்டாள் என்கின்றனர்.

நான் பார்த்த ஆட்டங்களிலும் இராதைக்கு வரவு இல்லை. அரசருக்கு வரவு உண்டு, குந்திக்கு உண்டு, கட்டியகாரனுக்கும் உண்டு. ஒரு பிள்ளையை ஆற்றிலிருந்து எடுத்து வளர்த்தவள் களரிக்கு வருவதே இல்லை. இவ்வாண்டு என் மாணவர் நால்வர் அவளுக்கு ஒரு வரவு விருத்தமும் ஒரு தருவும் கட்டி, அயலூர் அண்ணாவியார் ஒருவரிடம் கொண்டுபோய்க் கொடுத்துள்ளனர். பாட்டைச் சேர்ப்பதா, விடுவதா என்று அவர் இன்னும் சொல்லவில்லை. ஆனால் மத்தளத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒன்று கேட்டாராம்: தேரோட்டியின் மனைவி எந்தத் தாளக்கட்டில் ஆடி வருவாள், அரசியரின் கட்டிலா, தோழியரின் கட்டிலா? அதற்குப் பிள்ளைகள் நால்வரும் நான்கு விடை சொல்லிவிட்டு வந்திருக்கின்றனர்.