தோல் ஒவ்வாமையும் ஒட்டுப் பரிசோதனையும்

கை விரல்களில் அரிப்பெடுத்து, தோல் வெடித்து, நீர் வடியத் தொடங்கினால், நம் இல்லங்களில் முதலில் தண்டனை பெறுவது உணவுதான். கத்தரிக்காய் விலக்கப்படும், கருவாடு விலக்கப்படும், மீனும் முட்டையும் அடுத்தடுத்து வெளியேறும். பின்னர், மருந்துக் கடையில் தாமே கேட்டு வாங்கிய களிம்பு ஒன்று பூசப்படும். பத்து நாளில் நோய் அடங்கும்; அடுத்த மாதமே மீண்டும் தலைதூக்கும். இவ்வாறு ஆண்டுக்கணக்கில் அல்லலுறுவோருள் ஒரு சாராருக்கு நோயின் காரணம் வயிற்றுக்குள் சென்ற பொருளன்று. தோலைத் தொட்ட பொருளே. அப்பொருள் இன்னதென்று கண்டறிய உதவுவதே ஒட்டுப் பரிசோதனை. மருத்துவமனைகளில் இதனைப் 'பேட்ச் டெஸ்ட்' என்பர்.

யாடசோன் என்ற ஜெர்மானியத் தோல் மருத்துவர் 1895ஆம் ஆண்டில் இம்முறையை மருத்துவ உலகுக்கு எடுத்துரைத்தார். அதன் அடிப்படை எளியது. ஐயத்துக்குரிய பொருளை மிகச் சிறிய அளவில் தோலின்மீது ஒட்டி, அதே நோயை ஒரு புள்ளியளவில் வரவழைத்துப் பார்ப்பதே அது.

கொத்தனார் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். இருபது ஆண்டுகள் சிமெண்டுக் கலவையில் கை வைத்துப் பழகியவர். இத்தனை ஆண்டுகள் ஒன்றும் செய்யாத சிமெண்டா இப்போது கெடுக்கப் போகிறது என்று அவர் கேட்பார். கேள்வி நியாயமானதே. ஆயினும் ஒவ்வாமை அப்படித்தான் வரும். பழகிய பொருளையே உடலின் காப்பணுக்கள் ஒருநாள் பகையெனக் குறித்துக்கொள்கின்றன. குறித்தபின் எளிதில் மறப்பதில்லை. சிமெண்டில் கரைந்திருக்கும் குரோமியம் உலகெங்கும் கட்டடத் தொழிலாளரை இவ்வாறு வருத்தியிருக்கிறது. இந்தக் கொத்தனாரின் பாதத்திலும் படை இருக்கலாம். பதனிட்ட தோல் செருப்பிலும் பெரும்பாலும் அதே குரோமியம் உண்டு. கையைக் காக்கத் தோல் கையுறை வாங்கி அணிந்தாரானால், தீயை அணைக்க எண்ணெய் வார்த்த கதைதான்!

சோதனையில் ஊசி இல்லை, இரத்தமும் எடுப்பதில்லை. நிக்கல், குரோமியம், ரப்பர் இரசாயனங்கள், வாசனைப் பொருள்கள், தலைச்சாயம், பார்த்தீனியச் செடி, நியோமைசின் என்னும் களிம்பு மருந்து முதலிய இருபதுக்கு மேற்பட்ட பொருள்களை உரிய அளவில் கலந்து, சிறு வில்லைகளில் வைத்து, மேல்முதுகில் பிளாஸ்திரியால் ஒட்டுவர். நாற்பத்தெட்டு மணி நேரம் அவை அங்கேயே இருக்க வேண்டும். எடுத்தபின் ஒருமுறை பார்ப்பர். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ மீண்டும் பார்ப்பர். சில வேளைகளில் ஏழாம் நாளும் அழைப்பர். இந்த ஒவ்வாமை மெல்ல வருவது. ஆகவே இரண்டாம் நாளில் வெறுமையாக இருந்த இடம் நான்காம் நாளில் சிவந்து தடிக்கக்கூடும். ஒட்டை எடுத்ததோடு வேலை முடிந்ததென்று ஊர் திரும்பிவிடுவோர் பாதிச் சோதனையே செய்துகொண்டவராவர். வருகைகள் வாரநாள்களில் அமையும்பொருட்டுப் பல இடங்களில் திங்களன்று ஒட்டுவது வழக்கம்.

அந்த நாள்களில் முதுகு நனையக் கூடாது. இடுப்புக்குக் கீழே கழுவிக்கொள்ளலாம். மேலுடம்பை ஈரத்துணியால், முதுகைத் தொடாமல் துடைத்துக்கொள்ளலாம். வியர்வை வழியும் வேலை, வெயிலில் முதுகைக் காட்டல், சொறிதல் இவை ஆகா. கோடை உச்சத்திலும், வீட்டில் திருமணமோ பங்கில் தேர்ப்பவனியோ நடக்கும் வாரத்திலும் இதற்கு நாள் குறிக்காதிருப்பது நலம். சிறிது அரிப்பு எதிர்பார்க்கத்தக்கதே. தாங்க முடியாத எரிச்சலோ கொப்புளமோ தோன்றினால் மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். தாமாகப் பிய்த்தெறிய வேண்டாம்.

முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டியவையும் உண்டு. முதுகில் ஸ்டீராய்டு களிம்பு பூசியிருந்தாலோ, ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ எடுத்திருந்தாலோ, உண்மையான ஒவ்வாமையும் மறைந்து போகலாம். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது பேராபத்து. கருவுற்ற தாய்மாருக்கு வழக்கமாகச் சோதனையைத் தள்ளிவைப்பர். அரிப்புக்குரிய சாதாரண மாத்திரைகள் இச்சோதனையைப் பெரும்பாலும் கெடுப்பதில்லை. உடனே தடித்து மறையும் காணாக்கடிக்கும் தும்மலுக்கும் செய்யப்படும் ஊசிமுனைச் சோதனையையே அவை கெடுக்கும். இரண்டும் வெவ்வேறு சோதனைகள். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

செல்லும்போது, நாள்தோறும் உங்கள் தோலைத் தொடுபவற்றை உறையோடு கொண்டு செல்லுங்கள்: சோப்பு, தைலம், தலைச்சாயம், பழைய செருப்பு, கையுறை, கவரிங் நகை, கழுத்தில் அணியும் சுரூபப் பதக்கம் உட்பட. எதைச் சோதிக்கலாம் என்பதை மருத்துவர் முடிவு செய்வார். சிமெண்டையோ மண்ணெண்ணெயையோ வீட்டில் தாமே தோலில் கட்டிப் பார்ப்போர் உண்டு. அது சோதனையன்று, எவர் தோலும் அதில் புண்ணாகும்.

இனி முடிவு. ஒரு புள்ளி சிவந்தது என்பதாலேயே அப்பொருள்தான் குற்றவாளி என்றாகிவிடாது. நிக்கலுக்குச் சிவந்த ஒரு பெண்ணின் காதுப்புண்ணுக்குக் கவரிங் தோடு காரணமாகலாம். அவருடைய பாதத்துப் படைக்கு வேறு காரணம் இருக்கலாம். எதுவுமே சிவக்காவிட்டாலும் கொத்தனாரின் சிமெண்டு குற்றமற்றதென்று சொல்ல முடியாது. ஈரச் சிமெண்டின் காரம் ஒவ்வாமை இல்லாதவர் கையையும் அரிக்க வல்லது.

குரோமியமே பகை என்று உறுதியானால், அந்தக் குடும்பத்தின் முன் நிற்பது மருத்துவக் கேள்வி மட்டுமன்று, சோற்றுக் கேள்வியும்கூட. தொழிலை விடு என்று சொல்வது எளிது. ஐரோப்பாவில் வேறு வழி கண்டார்கள். டென்மார்க் 1983ஆம் ஆண்டிலேயே சட்டமியற்றி, சிமெண்டில் இரும்பு சல்பேட்டைச் சேர்த்துக் கரையும் குரோமியத்தைக் குறைக்கச் செய்தது. 2005 முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு என்பதே உச்சவரம்பு. நம் கொத்தனார் செய்யக்கூடியவை சிறியவை: கலவையை வெறுங்கையால் தொடாமை, பட்டவுடன் கழுவுதல், எந்தக் கையுறை தமக்கு ஏற்றதென்று மருத்துவரிடம் கேட்டு வாங்குதல். ரப்பர் கையுறையே சிலருக்குப் பகையாவதால் இதைக் கேட்டாக வேண்டும். கலவையில் கை படாத பூச்சு மட்டம் பார்த்தல், மேற்பார்வை போன்ற வேலைக்கு மாற மேஸ்திரி இசைந்தால் நன்று.

முடிவுத்தாளை வீட்டுப் பத்திரங்களோடு பத்திரப்படுத்துங்கள். நியோமைசின் ஆகாது என்று அதில் எழுதியிருந்தால், ஒவ்வொரு முறை களிம்பு வாங்கும்போதும் அதைக் கடைக்காரரிடம் காட்டுங்கள். கடையில் விற்கும் கலப்புக் களிம்புகள் பலவற்றில் அம்மருந்து இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் ஆறாத புண்ணுக்குப் பூசிய களிம்பே காரணமாயிருந்ததும் உண்டு.