அம்மா பின்னிய பையை அலுமாரியில் வைக்காதீர்கள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, ஈஸ்ட்ஹாமில் உள்ள ஒரு தமிழ்க் கடையில் காசு கட்ட நின்றேன். கத்தரிக்காய், முருங்கைக்காய், இரண்டு கட்டு வல்லாரை, ஒரு கிலோ சின்ன வெங்காயம். "பை வேணுமோ அக்கா?" என்று கடைத் தம்பி கேட்டார். "ஓம், ஒண்டு தாங்கோ" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன்.

பக்கத்தில் நின்ற அம்மா அங்கே ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் குசினிக்குள் போய், சிங்குக்குக் கீழே உள்ள கதவைத் திறந்து காட்டினார். மடித்ததும் மடிக்காததுமாகத் திணித்து வைத்த கடைப் பைகள். எண்ணிப் பார்த்தோம். 31.

"நான் பின்னித் தந்த பை எங்க பிள்ளை?"

அது எங்கே என்று எனக்கு நன்றாகவே தெரியும். முன் அறைக் கண்ணாடி அலுமாரிக்குள், மகளின் பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில், மடிப்புக் கலையாமல் இருந்தது.

"பத்திரமா வைச்சிருக்கிறன் அம்மா."

"பத்திரமா வைக்கவோ பின்னினனான்? சாமான் வாங்கத்தானே பின்னினது."

எனக்குப் பதில் இல்லை. அன்றிலிருந்து அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை என்று நினைப்பதால்தான் இங்கே எழுதுகிறேன்.

அம்மாவுக்கு இப்போது 78 வயது. சாவகச்சேரியில் பிறந்து வளர்ந்தவர். குரோஷே பின்னலைப் பள்ளிக்கூடத்துத் தையல் வகுப்பில் பழகினவர். ஊரில் மேசை விரிப்பும் கதிரைக்குப் போடும் லேசும் பின்னினார். அப்பா காலமான பிறகு லண்டன் வந்தார். வந்த நாளிலிருந்து சொந்தத்தில் யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் ஒரு சட்டை, ஒரு தொப்பி, ஒரு சோடிக் காலுறை அம்மாவின் கையால் போகும். ஒவ்வொரு சட்டைக்கும் நூல் உருண்டையில் கால்வாசியோ அரைவாசியோ மிஞ்சும். அந்த மிச்சம் எல்லாம் நீலப் பிஸ்கட் ரின்னுக்குள் போகும். அந்த ரின்னைத் திறந்தால் பிஸ்கட் இருக்காது, ஊசியும் நூலும்தான் இருக்கும் என்பது நம் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் சின்ன வயதிலேயே கண்ட ஏமாற்றம்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கோயில் இல்லை, நூலகத்தில் வியாழக்கிழமை கூடும் பின்னல் குழு இல்லை, நூல் வாங்கக் கடையும் இல்லை. அம்மா ரின்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து, மிச்ச நூலில் பை பின்னத் தொடங்கினார். அந்த வருடம் முடிவதற்குள் 11 பைகள். சொந்தக்காரர் வீடுகளுக்கு ஒன்றொன்றாகக் கொடுத்தோம். எல்லோரும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார்கள். "எவ்வளவு வடிவு அன்ரி" என்றார்கள். அந்தப் பையோடு கடைக்குப் போன ஒருவரைக்கூட நான் இதுவரை கண்டதில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பை பின்னுவது சும்மா பொழுதுபோக்குத்தானே என்று நினைப்பவர்களுக்காக, அது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். பக்கத்தில் இருந்து பார்த்தபோதுதான் அதில் எவ்வளவு கணக்கு இருக்கிறது என்று எனக்கே விளங்கியது.

முதலில் நூலைப் பிரிக்க வேண்டும். பருத்தியைப் பருத்தியோடும், அக்ரிலிக்கை அக்ரிலிக்கோடும் வைப்பார். ஆட்டுக் கம்பளியை இரண்டோடும் சேர்க்க மாட்டார். சுடுதண்ணி பட்டால் கம்பளி சுருங்கும், மற்றது சுருங்காது, பை கோணிப் போகும். மெல்லிய பிள்ளை நூல் என்றால் இரண்டு இழையைச் சேர்த்து ஒன்றாகப் பின்னுவார். ஊசி 6 மில்லிமீற்றர். ஒரு பைக்கு 150 முதல் 200 கிராம் வரை நூல் போகும்.

அடியில் இருந்துதான் தொடக்கம். நடுவில் ஒரு சின்ன வளையம், அதற்குள் 12 கண். அடுத்த சுற்றில் 24, பிறகு 36, 48, 60. ஒவ்வொரு சுற்றுக்கும் 12 கூட வேண்டும். கூட்ட மறந்தால் அடி கிண்ணம் மாதிரிக் குழியும். அதிகமாகக் கூட்டினால் பாவாடைச் சுருக்கம் மாதிரி அலை அலையாக எழும்பும். 60 கண் வந்ததும் ஏறக்குறைய ஒரு சாப்பாட்டுக் கோப்பை அளவுக்குத் தட்டையான வட்டம் கிடைக்கும். அதன் பிறகு கூட்டுவது இல்லை. சங்கிலி சங்கிலியாக எடுத்து வலை போலப் பின்னிக்கொண்டு மேலே போக வேண்டும். வலை என்பதால் நூல் குறைவு. வெறும் பையாக இருக்கும்போது கைக்குள் அடங்கும், பாரம் ஏற ஏற விரியும்.

அம்மாவின் முதல் பையில் வலைக்கண் பெரிசு. பேருந்தில் வரும்போது பச்சை மிளகாய் ஒவ்வொன்றாக விழ, பின்னுக்கு இருந்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் பொறுக்கிப் பொறுக்கித் தந்தார். அடுத்த பையிலிருந்து கீழ்ப் பாதி நெருக்கமாகவும் மேல் பாதி ஐதாகவும் வந்தது.

பிடிதான் கஷ்டமான இடம். வலையாகப் பின்னினால் தோளை அறுக்கும். ஆகவே சின்ன ஊசியால் இறுக்கமாக, எட்டுக் கண் அகலத்துக்குப் பின்ன வேண்டும். பாரம் தூக்கத் தூக்கப் பிடி நீளும் என்பதால் வேண்டிய அளவிலும் கொஞ்சம் கட்டையாகவே முடிக்க வேண்டும். மிச்ச நூல் என்பதால் நிறம் மாறும் இடமெல்லாம் நூல் நுனி நிற்கும். வெறும் முடிச்சை மட்டும் நம்பக் கூடாது. ஒரு சாண் நுனி விட்டு, மொட்டை ஊசியால் பின்னலுக்குள்ளேயே முன்னும் பின்னும் ஓட்டி மறைக்க வேண்டும். கடைசியில் அம்மா ஐந்து கிலோ அரிசிப் பையை உள்ளே வைத்து, கதவுக் கைபிடியில் ஒரு இரவு தொங்கவிடுவார். காலையில் பிடி தாங்கியிருந்தால்தான் அந்தப் பை வீட்டை விட்டு வெளியே போகும்.

இதற்கெல்லாம் ஏறக்குறைய ஏழு மணித்தியாலம். ஒருமுறை கோயிலில் ஒரு அக்கா, "அன்ரி, அஞ்சு பவுண்ஸ் தாறன், எனக்கும் ஒண்டு பின்னித் தாங்கோவன்" என்று கேட்டார். அம்மா சிரித்துக்கொண்டு, "காசு வேண்டாம் பிள்ளை, கடைக்குக் கொண்டு போறதெண்டால் சும்மாவே தாறன்" என்றார். 2025 ஏப்ரலில் இந்த நாட்டில் 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு நிர்ணயித்த குறைந்த சம்பளம் மணிக்கு 12.21 பவுண்ஸ். ஏழு மணித்தியாலத்துக்குக் கணக்குப் பார்த்தால் 85 பவுண்ஸைத் தாண்டுகிறது, நூல் காசு இல்லாமல்.

இன்னொரு விஷயமும் நம்மில் பலருக்குத் தெரியாது. ஊசி இரண்டால் பின்னும் நிட்டிங் பின்னலுக்கு ஆலைகளில் இயந்திரம் எப்போதோ வந்துவிட்டது. குரோஷேக்கு அப்படி வரவில்லை. அதைப் போலத் தோன்றும் துணியை இயந்திரம் செய்யும். உண்மையான குரோஷே கையால்தான் வர வேண்டும். ஆகவே கடையில் பத்துப் பவுண்ஸுக்கு உண்மையான குரோஷே பை தொங்கினால், எங்கேயோ ஒரு நாட்டில் யாரோ ஒருவர் மணிக்கணக்கில் குனிந்து இருந்து பின்னியிருக்கிறார். அவர் கைக்கு அதில் எவ்வளவு போயிருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். 1840களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து பஞ்சம் வந்தபோது, பெண்கள் குரோஷே லேஸ் பின்னி விற்றுத்தான் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது. கஷ்ட காலத்துக்குக் கைகொடுத்த தொழில் இது.

இனிச் சுற்றுச்சூழல் கணக்குக்கு வருவோம். இங்கிலாந்தில் பெரிய கடைகளில் ஒரு தடவை பாவிக்கும் பிளாஸ்டிக் பைக்கு 5 பென்ஸ் கட்டணம் 2015 ஒக்டோபரில் வந்தது. 2021 மே மாதத்தில் அது 10 பென்ஸாகி, சின்னக் கடைகளுக்கும் பொருந்தியது. மெல்லிய பை குறைந்தது உண்மை. ஆனால் அந்த இடத்துக்குத் தடித்த பைகளும் துணிப் பைகளும் வந்து நம் சிங்குக்குக் கீழே குவிந்துவிட்டன. துணிப் பை வாங்கியதும் உலகத்துக்கு நன்மை செய்துவிட்டோம் என்று நினைக்கிறோம். பிரித்தானியாவின் சுற்றாடல் முகவர் அமைப்பு 2011இல் வெளியிட்ட ஆய்வு வேறு கணக்குச் சொல்கிறது. ஒரு பருத்திப் பையை 131 தடவை பாவித்தால்தான், காலநிலைப் பாதிப்பில் அது ஒரு தடவை பாவித்து எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பைக்குச் சமமாகும். கிழமைக்கு இரண்டு தடவை கடைக்குப் போகிறவருக்கு அது ஒரு வருடமும் மூன்று மாதமும். பருத்தி விளைய அவ்வளவு தண்ணீரும் உரமும் சக்தியும் போகிறது.

மிச்ச நூல் பைக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, ஏனென்றால் அந்த நூல் ஏற்கெனவே வீட்டில் சும்மா கிடக்கிறது. ஆனால் பை பின்னுவதற்கென்றே நாலு புது உருண்டை வாங்கினால் கணக்கு மாறிவிடும். அக்ரிலிக்கும் ஒரு வகைப் பிளாஸ்டிக்தான். இயந்திரத்தில் போட்டுக் கழுவக் கழுவ அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இழைகள் தண்ணீரோடு போகும். ஊத்தை பட்டால் மட்டும் பச்சைத் தண்ணியில் கையால் அலசுவது நல்லது. எந்த நூலாக இருந்தாலும் அலுமாரிக்குள் இருக்கும் பை ஒரு கடைப் பையைக்கூடக் குறைக்கப் போவதில்லை.

ஊரில் சந்தைக்கு வெறுங்கையோடு போனவரை நான் கண்டதில்லை. மீனுக்கு ஓலை உமல், மரக்கறிக்குப் பன்பை. இங்கே வந்த புதிதில் கையில் பையோடு கடைக்குள் போக எனக்கு வெட்கமாக இருந்தது. பட்டிக்காடு என்று நினைப்பார்களோ என்ற பயம். தமிழ்நாட்டில் மஞ்சள் பைக்கும் இதே கதைதான் நடந்தது. அங்கே 2021 டிசம்பரில் அரசே 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் தொடங்க வேண்டி வந்தது. இப்போது லண்டன் ரயிலில் இளம் பிள்ளைகள் தோளில் குரோஷே பை தொங்குகிறது. அவர்களுக்கு வெட்கம் இல்லை. அந்த வெட்கம் என் தலைமுறையில் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு இருக்கிறது.

என் மகளுக்கு 22 வயது. இந்தக் கதை நடந்த அன்று பின்னேரமே, "எனக்கும் காட்டித் தாங்கோ அம்மம்மா" என்று ரின்னோடு போய் இருந்தாள். முதலில் ஒரு அமெரிக்க வீடியோவைப் போட்டுக்கொண்டு பின்னினாள். அமெரிக்கர் 'சிங்கிள்' என்று சொல்வதை இங்கிலாந்துக்காரர் 'டபிள்' என்பார்கள். ஒரே பின்னலுக்கு இரண்டு பேர். நூலகத்துப் புத்தகத்தில் ஒன்று, வீடியோவில் வேறொன்று. ஒரு மணித்தியாலம் குழம்பினாள். அம்மா இரண்டையும் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டு, "இது குட்டைக்கண், இது நெட்டைக்கண். எண்ணிக்கொண்டு வா" என்றார்.

எண்ணுவதும் தமிழில்தான். மகளுக்கு இருபதுக்கு மேலே தடுமாற்றம். இருபத்தொன்பது வந்தால் நின்றுவிடுவாள். அடுத்தது நாற்பதோ முப்பதோ என்று அம்மாவின் முகத்தைப் பார்ப்பாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஆறு வருடம் படித்தும் நிலைக்காத எண்கள், அடிவட்டத்தை மூன்று தடவை அவிழ்த்துப் பின்னியதில் அறுபது வரைக்கும் வந்துவிட்டன. பெரிய புதினம் ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் ஒரே வேலையைச் செய்தார்கள், அவ்வளவுதான். அதற்கு முதல் அவர்கள் இருவருக்கும் இடையில் "சாப்பிட்டியோ?", "ஓம் அம்மம்மா" என்பதைத் தாண்டிப் பேச்சு இருந்ததில்லை.

நம் வீடுகளில் முதியவர்களுக்கு மரியாதை குறைவு என்று நான் சொல்ல வரவில்லை. மரியாதை இருக்கிறது. ஆனால் அதைக் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துவிட்டோம். அவர்கள் செய்து தருவதைப் பாராட்டுகிறோம், படம் எடுக்கிறோம், பாவிக்க மாட்டோம். "ஏன் அம்மா கஷ்டப்படுறீங்கள், சும்மா இருங்கோவன்" என்கிறோம். வாழ்நாள் முழுக்க வேலை செய்த கைக்கு, இனி உன்னால் ஒரு பிரயோசனமும் வேண்டாம் என்று அன்பாகச் சொல்வதுதான் அது. அந்தச் சனிக்கிழமை அம்மா கேட்டது பையைப் பற்றி மட்டும் இல்லை என்று எனக்கு விளங்கக் கொஞ்ச நாள் எடுத்தது.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பை, ஒரு சால்வை, ஒரு மேசை விரிப்பு இருக்கக்கூடும். வெளியே எடுங்கள். ஊத்தையாகட்டும், நூல் அறட்டும். வீட்டில் பின்னத் தெரிந்தவர் இருந்தால், புது நூல் வாங்கிக் கொடுக்கும் முன் பழைய ரின்னைத் திறந்து பாருங்கள். முடிந்தால் பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்துங்கள்.

நான் இப்போது நாலு கிழமையாக அம்மாவின் பையோடுதான் கடைக்குப் போகிறேன். போன கிழமை ஆசைப்பட்டு இரண்டு தேங்காயும் ஒரு பூசணிக் கீறும் போட்டுவிட்டேன். பிடி இழுபட்டு, பை முழங்காலுக்கு வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து கொஞ்சம் பயத்தோடுதான் அம்மாவிடம் காட்டினேன்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பிடியை இழுத்து இழுத்துப் பார்த்தார். "தேங்காய் வைச்சனியோ?" என்று கேட்டார். பிறகு ரின்னைத் திறந்து சின்ன ஊசியை எடுத்தார்.

"இஞ்ச தா. சனிக்கிழமைக்கு முதல் கட்டித் தாறன்."