வகுப்பை விட்டு நீங்காத ஆசிரியப் பயிற்சி

ஆசிரியருக்குப் பயிற்சி வேண்டும் என்பதை மறுப்பார் இலர். ஆனால், அவர் ஈராண்டு பயிற்சிக் கல்லூரிக்குச் சென்றுவிட்டால் அவருடைய வகுப்பை நடத்துவது யார்? சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்க நாடுகளை வாட்டிய வினா இது. உகாண்டா 1997ஆம் ஆண்டிலும் கென்யா 2003ஆம் ஆண்டிலும் தொடக்கப்பள்ளிக் கட்டணத்தை நீக்கின. கென்யாவில் மட்டும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் புதிதாய்ப் பள்ளியில் வந்து சேர்ந்தனர். பிள்ளைகள் வந்த வேகத்தில் ஆசிரியரை உருவாக்கக் கல்லூரிகளால் இயலவில்லை.

இந்நிலையில் 2005ஆம் ஆண்டில் தோன்றியதே ‘டெசா’ என்னும் பல்கலைக் கழகக் கூட்டமைப்பு. இங்கிலாந்தின் திறந்தநிலைப் பல்கலைக் கழகத்தோடு, உகாண்டாவின் மக்கரேரே, கானாவின் கேப் கோஸ்ட், தான்சானியத் திறந்தநிலைப் பல்கலைக் கழகம், நைஜீரியாவின் கடுனா நகரிலுள்ள தேசிய ஆசிரியர் நிலையம் முதலியன இதில் இணைந்தன. ஐரோப்பியர் கொடுக்க ஆப்பிரிக்கர் வாங்கினர் என்று எண்ணிவிட வேண்டா. கடுனா நிலையம் 1976ஆம் ஆண்டிலேயே நிறுவப்பெற்று, தொலைநிலைக் கல்வி வாயிலாக ஆசிரியரைப் பயிற்றி வந்த நிலையமாகும்.

எழுத்தறிவு, எண்ணறிவு, அறிவியல், சமூகவியலும் கலையும், வாழ்க்கைத் திறன் என ஐந்து துறைகளில் பாடங்கள் எழுதப்பெற்றன. இவற்றில் கோட்பாட்டு விரிவுரை குறைவு. ஓர் ஆசிரியர் தம் வகுப்பில் செய்து பார்த்த அனுபவம் முதலில் கூறப்படும். பின்னர், படிப்பவர் தம் வகுப்பிலேயே செய்து பார்க்க ஒரு செயல் தரப்படும். ஊர்க்கதையைக் கொண்டு வாசிப்புக் கற்பிப்பது எப்படி, பெருங்கூட்டமான வகுப்பைக் குழுக்களாகப் பிரித்து நடத்துவது எப்படி என்பன போன்றவை அவை. பாடம் படித்த மறுநாளே அதனைப் பிள்ளைகளிடம் சோதிக்கலாம். கல்லூரி விடுதியில் இருப்பவருக்கு இவ்வாய்ப்பு எளிதில் கிட்டுவதன்று.

இப்பாடங்களுக்குக் கட்டணம் இல்லை. எவரும் எடுத்துத் தம் நாட்டுக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். ஆங்கிலம், பிரெஞ்சு, அரபு, சுவாஹிலி ஆகிய நான்கு மொழிகளில் அவை வெளிவந்தன. சொல்லை மட்டும் மாற்றினால் போதாது. கதையில் வரும் ஊரும் பெயரும் பண்டமும் மாற வேண்டும். பாடநூல் மொழிபெயர்ப்போடு மல்லாடிய நம் ஆசிரியர்க்கு இதை விளக்கவும் வேண்டுமோ?

சான்றிதழும் பட்டமும் வழங்குவோர் அந்தந்த நாட்டு நிலையத்தாரே. இம்முறையே சாலச் சிறந்தது என்பது நம் கருத்து. ஆசிரியரின் சம்பளமும் பதவி உயர்வும் உள்நாட்டுச் சான்றிதழைப் பொறுத்தவை. அன்றியும், வெளிநாட்டு நிதி நின்றாலும் படிப்பு நிற்காது.

இணையமும் மின்சாரமும் எட்டாத ஊர்களுக்கு அச்சுத்தாள் உதவும். அரியது வேறொன்று. ஆசிரியர் பாடம் நடத்தும்போது, பின்வரிசையில் ஒருவர் அமர்ந்து பார்த்துக் குறைநிறை கூறியாக வேண்டும். அதை அஞ்சலில் அனுப்ப முடியாது. மேற்பார்வையாளர் பல மைல் பயணம் செய்ய வேண்டும்; பணம் குறையுமிடத்து முதலில் கைவைக்கத் தூண்டும் செலவும் இதுவே. தேர்வுத்தாளை மட்டும் திருத்திச் சான்றிதழ் கொடுத்தால், ஆசிரியர் ஏட்டளவில் பயிற்சி பெற்றவராவார். வகுப்போ பழையபடியே இருக்கும். இதனை உணர்ந்தே, மேற்பார்வையாளர்களுக்கெனத் தனிக் கையேடு ஒன்றையும் டெசா கூட்டமைப்பினர் பின்னர் ஆக்கினர்.