சாங்கிக் கடலின் கணக்கு

சிங்கப்பூரின் சாங்கிக் கடற்கரையில் காலையில் நடந்த மணல் மாலையில் நீருக்கடியில் இருக்கும். இது நாள்தோறும் வரும் ஏற்றவற்றம். கடலுக்கு இதைவிட நீண்ட சுற்றுகளும் உண்டு.

வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடல் நீரைத் தெற்கே தள்ளும். அம்மாதங்களில் சாங்கியில் கடல் சற்று உயரும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை 'லா நினா' வரும்போது பசிபிக் கடலின் வெதுவெதுப்பான நீர் மேற்கே குவியும். நம் பக்கம் மட்டம் கூடும். 'எல் நினோ' வந்தால் குறையும். பூமியின் பாதையும் சாய்வும் மெல்ல மாறுவதால் பனியுகங்களும் வந்து போயின. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது; அன்று சிங்கப்பூரும் சுமத்ராவும் ஒரே நிலம்.

"அப்படியானால், ஏறிய கடல் தானே இறங்கிவிடாதா?" என்று கேட்பீர்கள். பால்மரத்தை எண்ணிப் பாருங்கள். இலையுதிர்ந்தால் பால் குறையும், பிறகு கூடும். மரத்தின் உண்மை நிலையைப் பல ஆண்டுக் கணக்குத்தான் காட்டும். சிங்கப்பூரின் கடல்மட்டக் கணக்கோ, 1970-க்கு முன்பிருந்ததைவிட இன்று சுமார் 14 சென்டிமீட்டர் உயர்வைக் காட்டுகிறது. நிலக்கரி, எண்ணெய் எரிவதால் பெருகும் கரியமில வாயு பூமியைச் சூடாக்குகிறது. சூடேறிய கடல்நீர் விரிகிறது. நிலத்திலுள்ள பனி உருகிக் கடலில் சேர்கிறது. இது சுற்றி வந்து இறங்கும் ஏற்றமன்று.

ஆகவேதான் சாங்கி விமான நிலையத்தின் ஐந்தாம் முனையத்தைக் கடல்மட்டத்துக்கு 5.5 மீட்டர் மேலே கட்டுகிறார்கள். தீவில் ஏறத்தாழ 30 விழுக்காட்டு நிலம் 5 மீட்டருக்கும் தாழ்வானது. நம் பிள்ளைகள் பலர் பிழைப்புத் தேடிப் போகும் ஊர் அது. ஓர் ஆண்டு நீர் தாழ்ந்ததைக் கண்டு கவலை தீர்ந்தது என்று எண்ணிவிடக் கூடாது. பல ஆண்டுக் கணக்கைப் பார்க்க வேண்டும்.